கதவுக்குப் பின்னால் வளர்ந்த கல்

தனலெட்சுமியின் கைப்பேசி அடித்தபோது அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: அவள் உடல் கிடந்த பெட்டியின் தலைமாட்டில், குத்துவிளக்கில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டு, கணவர் குணாளனின் அக்கா மாரியம்மா சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் மகள் திலகா, அம்மாவின் பாதத்தைச் சேலை நுனியால் மூடுவதும் மறுபடி விலக்கிப் பார்ப்பதுமாக இருந்தாள். சுவரோரம் விரித்த பாயில் அக்கம்பக்கத்துப் பெண்கள். வாசல்படியில் மகன் மகேந்திரன், சடங்கு செய்யும் பண்டாரம் கேட்கும் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தபடி. வெளியே கூடாரத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் செம்பனை ஆலையில் குணாளனோடு வேலை செய்த ஆண்கள், ஆறிப்போன மைலோ பானத்தைக் கையில் வைத்துக்கொண்டு. பெட்டிக்கும் படுக்கையறைக் கதவுக்கும் நடுவில் கிடந்த மர நாற்காலியில் குணாளன். அந்த இடத்தை அவர் வேண்டுமென்றேதான் பிடித்திருந்தார். கதவை யாரும் அகலத் திறந்துவிடக் கூடாது.

கைப்பேசி, ஆணியில் தொங்கிய பைக்குள் அடித்தது. டயாலிசிஸுக்குக் கொண்டுபோகும் பை. போர்வை, குளிருக்கு ஸ்வெட்டர், பாதி வாயில் போட்டு மீதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிற ரொட்டிக்கான டப்பா எல்லாம் முந்தாநாளே எடுத்து வைத்தபடி இருந்தன. நேற்றுக் காலை குணாளன் வழக்கம்போல எடைக்கருவியைத் தரையில் வைத்துவிட்டு, “தனம், வா, ஏறு” என்று கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.

“யார்ரா அது? எடுத்துச் சொல்லிடு” என்றாள் மாரியம்மா.

குணாளன் எழுந்து எடுத்தார். ‘மஜீதாக்கா’ என்று இருந்தது. பெயருக்கு மேலே முகத்துக்குப் பதிலாக உள்ளங்கையில் ஒரு கண்ணாடிக் கல்லின் படம். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அடித்து ஓய்ந்தது. சத்தத்தை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“யாரு?”

“தெரிஞ்சவங்க.”

“தெரிஞ்சவங்களுக்குத்தாண்டா சொல்லணும். தெரியாதவனுக்கா சொல்லுவாங்க?”

அவர் நாற்காலிக்குத் திரும்பினார். பிறகு அவளைக் குளிப்பாட்டும்போதும் கைப்பேசி நெஞ்சுக்கு மேலே ஒருமுறை அதிர்ந்தது. அப்போது அவர் கையில் செம்பு இருந்தது. பெண்கள் குடம்குடமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். உறவு முறைப்படி ஒவ்வொருவராக வந்து ஊற்றினார்கள். காலையில் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை, நாக்கு வறண்டால் ஒரு ஐஸ்கட்டி என்று சிறுநீரகம் பழுதான அவளுக்கு இத்தனை வருடமாகத் தண்ணீரை அளந்து கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கு யாரும் அளக்கவில்லை. அவரும் ஊற்றினார்.

மஜீதா, பகாவ் டயாலிசிஸ் மையத்தில் தனலெட்சுமிக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. சாப்பாட்டுக் கடை வைத்திருந்த குடும்பம். ஒருநாள் அவள் பேத்தி ஃபாத்தினுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள்: வீட்டிலேயே படிகாரத்தைக் கரைத்து, சின்னதும் பெரியதுமாகப் படிகங்கள் வளர்த்துக் கொண்டுவர வேண்டும். பெண் பாட்டியிடம் தள்ளிவிட்டாள். பாட்டி பக்கத்து நாற்காலியிடம் யோசனை கேட்டாள். கையில் ஊசியோடு அசையாமல் கிடக்கிற இரண்டு பெண்களுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. ஃபாத்தின் மதிப்பெண் வாங்கிவிட்டு அதை மறந்துபோனாள். இவர்கள் இருவரும் விடவில்லை.

மளிகைக்கடையில் தவாஸ் என்று கேட்டால் கொடுக்கிற அதே படிகாரம்தான். வெந்நீரில் இனி கரையாது என்கிறவரைக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு ஜாடியை ஐஸ் பெட்டியில் வைப்பாள் தனம். சீக்கிரம் குளிர்ந்ததால் அடியில் சீனி மாதிரிப் பொடிப்பொடியாகப் படியும். இன்னொன்று சமையல்கட்டு ஜன்னலில். அதில் உளுந்து, கடலை அளவுக்கு வரும். மூன்றாவது ஜாடியைப் பழைய துவாலையால் சுற்றி, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், காற்றும் நடமாட்டமும் இல்லாத மூலையில் வைப்பாள். பழுதில்லாத ஒரே ஒரு படிக மணியைத் தூண்டில் நரம்பில் கட்டி, குறுக்கே வைத்த குச்சியிலிருந்து அதற்குள் தொங்கவிட்டிருந்தாள். அதுதான் பெரிய கல். அதோடு கூடவே விளைந்த இன்னொரு மணியை மஜீதாவுக்குக் கொடுத்திருந்தாள். யாருடையது பெரிதாக வருகிறது என்று பந்தயம்.

“பெரிசு வேணும்னா அது பாட்டுக்கு விடணுங்க. கிட்டப் போயி மூச்சு விட்டாக்கூட அதுக்குப் பிடிக்காது” என்பாள் குணாளனிடம். “ஒங்கள மாதிரி.”

குணாளன் ஆலையில் எடைமேடைக் கிராணியாக இருந்தவர். பழக்குலை ஏற்றி வரும் லாரிகளை நிறுத்தி எடை எழுதியே வயதானவர். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு எடை போட இரண்டுதான் மிஞ்சின. காலையில் மனைவி, வாரக் கடைசியில் கல். இரண்டுக்கும் வழி ஒன்றுதான். எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுத்திருந்து, நின்றதும் தலையை ஆட்டுவார். அவர் தலையாட்டாமல் தனம் இறங்க மாட்டாள். உடம்பில் நீர் சேர்ந்து அவள் எடை கூடக் கூடாது, கல்லின் எடை கூட வேண்டும். இதை அவளே ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மையத்தில் ரவிச்சந்திரன் என்று ஒருவர் இருந்தார். கடைசி நாற்காலிக்காரர்; ஊசி குத்த வந்த தாதியிடமே லாட்டரிக்கு நான்கு நம்பர் கேட்டு விளையாடுகிற ஆள். ஒரு வாரம் நாற்காலி காலியாக இருந்தது. கேட்டதற்கு, “அவர சிரம்பானுக்கு மாத்திட்டாங்க ஆன்ட்டி” என்றார்கள். நல்லது, மகள் வீடு அங்கேதானே என்று தனமும் நினைத்துக்கொண்டாள். மாதங்கள் கழித்துப் பாசாரில் அவருடைய மனைவியைப் பார்த்து, “அண்ணன் சிரம்பான்ல எப்படி இருக்காரு?” என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் நெற்றியில் பொட்டில்லை என்பதைக் கேட்ட பிறகுதான் கவனித்தாளாம்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: “என்னை மட்டும் சிரம்பானுக்கு அனுப்பிடாதீங்க. மஜீதாக்காகிட்ட நீங்களே சொல்லணும். உள்ளதைச் சொல்லணும்.”

“என்ன பேச்சு இது?”

“சொல்லுவேன்னு சொல்லுங்களேன்.”

“சரி. சொல்றேன்.”

அதற்குப் பிறகுதான் மஜீதா, கணவர் சலாவுதீன் தவறிப்போனதும், லுக்குட்டில் கடை வைத்திருக்கிற மகன் ஹைகலோடு போய்விட்டாள். அங்கே வேறு மையம், வேறு நாற்காலி. பந்தயம் மட்டும் கைப்பேசியில் நடந்தது.

பெட்டியைத் தூக்குகிற சமயத்தில் குணாளன் திரும்பி மாரியம்மாவிடம் வந்தார். ஆண்கள் எல்லோரும் மின்சுடலைக்குப் போய்விடுவார்கள். வீட்டைக் கழுவிவிடப் பெண்கள் இருப்பார்கள்.

“அக்கா, ரூம்பு கதவுக்குப் பின்னால துவாலை சுத்துன ஜாடி ஒண்ணு இருக்கும்.”

“பாத்தேனே. உள்ள என்னமோ கயித்துல தொங்குது. யாருடா அதை வச்சது? நல்லா இருந்தவ இப்படிப் பொசுக்குன்னு போனதுக்கு…”

“அவளே வச்சதுக்கா. படிகாரம். செய்வினையெல்லாம் ஒண்ணுமில்ல.”

“படிகாரம்னா வாசல்ல கட்டித் தொங்கவிடணும், திருஷ்டிக்கு. இவ எதுக்குத் தண்ணிக்குள்ள தொங்கவிட்டா?”

“அப்புறம் சொல்றேன். அதுல மட்டும் கை வச்சிறாத. அந்தக் கல்லு அப்படியே இருக்கணும்.”

மாரியம்மா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். “போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்.”

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் வைத்திருந்த தண்ணீரில் கால் கழுவி, விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். தரை ஈரம் காயாமல் பளபளத்தது. அண்டா, குடம், பூசைச் செம்பு எல்லாம் கவிழ்த்துத் துலக்கிப் புதுத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. கூடம் பெரிதாகத் தெரிந்தது.

குணாளன் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, பின்னால் குனிந்தார்.

துவாலை மாற்றியிருந்தது. வெளுத்த துவாலை. அதற்குள் ஜாடி துடைத்துவைத்தாற்போல் இருந்தது. தண்ணீர் விளிம்புவரை நின்றது. கல்லைச் சுற்றி, வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் காற்று நெளிவதுபோல, தண்ணீரில் ஏதோ நெளிந்து நெளிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே வந்து நின்ற மாரியம்மா சொன்னாள்: “நீ சொன்ன மாதிரியே கல்லு மேல என் வெரல்கூடப் படல. தண்ணிய மட்டும் மாத்திட்டேன். சாவு வீட்டுத் தண்ணி வச்சிருக்கக் கூடாது பாரு. பழைய தண்ணி அடியில என்னா கசடுங்கற.”

குணாளன் குச்சியோடு கல்லை வெளியே தூக்கினார். உள்ளங்கையில் வைத்தார். விளிம்புகளெல்லாம் மழுங்கி, சூப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி இருந்தது. எடை போட்டுப் பார்க்க அவசியமில்லை, கைக்கே தெரிந்தது. பாதிகூட இல்லை.

“என்னடா?”

“பச்சைத் தண்ணி கல்லைத் தின்னுடும்க்கா.”

தனத்தின் கைக்குட்டை ஒன்றை எடுத்து, கல்லை ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தார். மாரியம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஜாடியைச் சுற்றியிருந்த வெளுத்த துவாலையை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

மறுநாள் காலை தனத்தின் கைப்பேசியில் மஜீதாவின் மகன் ஹைகல் கூப்பிட்டான்.

“ஆன்ட்டி, உம்மா ஒரே தொல்லை. தனம் ஏன் போன் எடுக்கலன்னு…”

“நான் குணாளன் பேசறேன் தம்பி.”

சொன்னார். மறுமுனையில் கடையின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ தே தாரிக் டீ கேட்டார்கள். பிறகு கதவு சாத்துகிற ஓசை.

“அங்கிள்… எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.” குரலைத் தாழ்த்தினான். “உம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம் அங்கிள். போன வாரம் போதும்டா, ஊசி வேணாம்னு படுத்துட்டாங்க. கெஞ்சிக் கூத்தாடித்தான் கூட்டிட்டுப் போனேன். இது தெரிஞ்சா மொத்தமா விட்டுருவாங்க. ஆன்ட்டிய சிரம்பானுக்கு மாத்திட்டாங்க, அங்க போன் பேச விட மாட்டாங்கன்னு எதாச்சும் சொல்லிக்கலாம்லா.”

குணாளன் ஜன்னலைப் பார்த்தார். தனம் வளர்த்த சின்னக் கற்கள் அதில் அளவுவாரியாக வரிசையில் இருந்தன. கடுகிலிருந்து கொட்டைப்பாக்கு வரை.

“கருமாதி முடியட்டும் தம்பி” என்றார்.

“அதுவரைக்கும் போன் ரோசாக்கு, கெட்டுப்போச்சுன்னு சொல்லி வைக்கறேன் அங்கிள்.”

சொல்லாவிட்டால் தனத்துக்குக் கொடுத்த வார்த்தை போயிற்று. சொன்னால், அவன் பயப்படுகிற மாதிரியே அந்த அம்மாள் படுத்துவிட்டால்? கேட்டால் சொல்ல இனி யாரும் இல்லை. தனத்திடம்தான் எதையும் கேட்பார்.

அன்றே அடுப்பைப் பற்றவைத்தார். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று மாரியம்மா சொல்ல வாயெடுத்து, ஜாடியைப் பார்த்துவிட்டு, “பின்கட்டு ஸ்டவ்ல வச்சுக்க” என்றாள். புதுத் தவாஸ் வாங்கிவரவா என்று அவளே கேட்டாள். கடைச் சரக்கு மங்கலாக இருக்கும், தனம் அதை நேரே பெரிய கல்லுக்குக் கொடுக்க மாட்டாள் என்றார் குணாளன். முதலில் அதைச் சின்னக் கற்களாக்கிச் சுத்தம் பண்ணுவாள். சின்னதெல்லாம் பெரிசுக்குத் தீனி.

ஜன்னலில் இருந்த வரிசையை அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெந்நீரில் போட்டார். கடைசியாகக் கொட்டைப்பாக்கு அளவுக் கல். மாரியம்மா கரண்டியால் துழாவினாள்.

“இப்ப தொங்கவிடலாமா?”

“இன்னும் இல்ல. தண்ணி நல்லா ஆறணும். போதும் போதும்னு அதுவே அடியில பொடி தள்ளணும். அப்பத்தான் கல்லைத் தொடாது.”

“எங்கேயிருந்துடா கத்துக்கிட்டே இதெல்லாம்?”

“பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்.”

மறுநாள் அடியில் பொடி தள்ளியிருந்தது. தெளிவை வேட்டித் துணியில் வடித்து, மழுங்கிய கல்லை மறுபடி தொங்கவிட்டார்.

அந்த நாட்களில் படுக்கையறைக் கதவுக்கு மாரியம்மாதான் காவல். துக்கம் கேட்க வந்தவர்கள் சத்தமாக அழுதால்கூடத் தூரக் கூட்டிப்போய் அழவைத்தாள். “மெதுவா நடங்கம்மா, உள்ள கல்லு வளருது” என்றாள். தலைக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று ஒரு கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஒரு படிகாரத்துக்கு இந்தப் பாடா அத்தை?” என்றாள் திலகா.

“நீ வயித்துல இருந்தப்ப ஒங்கம்மாகூட இவ்வளவு பாடு படுத்தல, போடி.”

கருமாதி முடிந்து, படையல் எடுத்து, வந்தவர்கள் பகாவ் கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிப் போனதும், குணாளன் குச்சியைத் தூக்கினார்.

எட்டுப் பக்கமும் தட்டையாக, விளிம்புகள் கத்தி தீட்டியதுபோல் கூராக வந்திருந்தன. பழைய பருமன் இல்லை. வெளிச்சத்துக்குக் காட்டினால், உள்ளே மங்கலாக ஒரு படலம் தெரிந்தது. கரைந்தது நின்று மறுபடி வளரத் தொடங்கிய இடம் அது. அதற்கு உள்ளே இருப்பது தனம் வளர்த்தது. வெளியே இருப்பதும் அவள் கற்கள்தான்.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து தனத்தின் கைப்பேசியை எடுத்தார். மஜீதாவின் குரல் பதிவுகள் வரிசையாகக் கிடந்தன. முதலாவதை அழுத்தினார்.

“அடியே தனம், போன எடுக்க மாட்டியா? கல்லுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டு இருக்கியா? என்னுது நல்லாத் தெரண்டு வந்துருச்சு. ஒன்னுத எடை போட்டு அனுப்பு. ஒன் வீட்டுக்காரு கள்ளத்தராசு போடாமப் பாத்துக்க!”

திலகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுத்தது. “போன் ரோசாக்காமே. ஒன் மவன் சம்பாதிக்கறான்ல, புதுசு கேளுடி.” அதற்கடுத்து வெறும் இருமல். கடைசிப் பதிவில் சிரிப்பில்லை.

“தனம்… எனக்குப் பக்கத்துல ஒரு சீன ஆன்ட்டி இருந்துச்சுன்னு சொன்னேன்ல. வரல. கேட்டா மாத்திட்டோம்கறாங்க. ஹைகலும் என் மூஞ்சியப் பாக்காமப் பேசுறான். எல்லாரும் எனக்குக் கதை சொல்றாங்க. நீயாவது உள்ளதைச் சொல்லு.”

மாரியம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனாள்.

குணாளன் மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். ஆலையில் எழுதிய அதே உருண்டை எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

‘சகோதரி மஜீதாவுக்கு, தனம் சிரம்பானுக்குப் போகவில்லை. டயாலிசிஸுக்குக் கிளம்ப வேண்டிய நாளன்று காலையில், தூக்கத்திலேயே காலமாகிவிட்டாள். உங்களிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

‘இத்துடன் அவள் கல் வருகிறது. நடுவில் ஒரு மங்கல் தெரியும். நல்லெண்ணத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றியதால் வந்தது. அதற்கு மேல் வளர்ந்தது சுத்தமாக இருக்கிறது. உங்கள் ஜாடியில், உங்களுடைய கல்லுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் தொங்கவிடுங்கள். எனக்கு எடை போடத்தான் வரும். உங்களுக்குத்தான் பக்குவம் தெரியும். மாதாமாதம் எடை எழுதுங்கள். நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைய எடையைக் கீழே குறித்திருக்கிறேன். கள்ளத்தராசு இல்லை.’

“நல்லெண்ணத்துலன்னு போட்டியா?” என்றாள் மாரியம்மா, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. அவளுக்குப் படிக்கத் தெரியும், கண்ணாடிதான் இல்லை.

“போட்டிருக்கேன்.”

“பேரு?”

“போடல.”

திலகா தன் கைப்பையிலிருந்து நகப்பூச்சுக் குப்பியை எடுத்து வந்தாள். “அப்பா, நிறமில்லாத பாலீஷ்தான். மேல பூசி அனுப்புங்க. மங்காது, தேயாது. அம்மாவோட கல்லு அப்படியே இருக்கும்.”

குணாளன் குப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனமும் ஒருமுறை வாங்கி வைத்திருந்தாள். பூசவில்லை.

“வேணாம்மா. பூசினா அப்புறம் வளராது.”

திலகா குப்பியை மூடினாள். கல்லைப் பஞ்சில் பொதிந்து, ரொட்டி டப்பாவுக்குள் அசையாமல் வைத்துக் கொடுத்தது அவள்தான்.

காலையில் ஹைகலைக் கூப்பிட்டார். “தம்பி, பார்சல் ஒண்ணு வரும். உம்மா கையிலயே குடு.”

“எழுதிட்டீங்களா அங்கிள்?”

“எழுதிட்டேன்.”

“சரி அங்கிள். அன்னிக்கு நான் கடைக்குப் போகல. பக்கத்துலயே இருக்கேன்.”

பகாவ் தபால் நிலையத்தில் கூட்டமில்லை. கடிதத்தை டப்பாவின் மேல் வைத்து, இரண்டையும் உறைக்குள் போட்டு, பசைத்தாளை உரித்து ஒட்டினார். விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தி விட்டார். அனுப்புநர் இடத்தில் தன் பெயரை எழுதினார்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண், உள்ளே என்ன என்று மலாயில் கேட்டாள்.

“தவாஸ்” என்றார்.

அவள் புருவத்தை உயர்த்திவிட்டு, உறையை வாங்கி எடைக்கருவியில் வைத்தாள். எண் ஓடியது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அவள் எடுக்கக் கை நீட்டினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற பெரியவர் எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, ஏனோ கையை நிறுத்திக்கொண்டாள்.

எண் ஓரிடத்தில் நின்றது.

குணாளன் தலையை ஆட்டினார்.